அணிலுக்கு எந்தத் தோட்டா

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊரே சொல்லும். பொய். அந்த அக்டோபர் மாதத்தில் அது மூக்கையும் தாண்டி ரைஃபிள் முனை வரைக்கும் போயிருந்தது.

இரண்டு சனிக்கிழமைகளில் பதினோரு அணில்களைத் தவறவிட்டிருந்தேன். பதினொன்று! கென்டக்கியின் இந்த மலைப்பக்கத்தில் ஒருவனை அவமானப்படுத்த அவன் அம்மாவை எல்லாம் இழுக்க வேண்டாம். "உனக்கு அணில் விழலியாமே?" என்று கேட்டால் போதும். ஐம்பத்தொன்பது வயதில், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனி அணிலும் நானுமாக நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்த நேரத்தில், அந்தக் கேள்வி எஸ்டில் காடில் என்கிற என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது.

அவமானத்தைக்கூட விழுங்கிவிடலாம். நிப்பியை இழப்பதைத்தான் விழுங்க முடியாது.

நிப்பி என் நாய். முழங்கால் உயரம்கூட இருக்க மாட்டாள், வயது ஒன்றரை. அணிலை மரத்தில் ஏற்றிவிட்டு, அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, நாம் போய்ச் சேரும்வரை விடாமல் குரைப்பாள். அவளைக் கொடுத்தவர் மிஸ் ஜெட்டி நோபிள். எழுபத்து நான்கு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நாய்களோடு வாழ்கிறார். பணம் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் குட்டி தந்துவிட மாட்டார். முதலில் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நிபந்தனையைச் சொல்வார்.

"நாய் அது வேலையைச் செய்யும். நீ உன் வேலையைச் செய்யணும். அவ மரத்துல நிறுத்தினதை நீ கீழ கொண்டாரலேன்னா, நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் வந்து என் வாசல்ல நின்னு அழக் கூடாது, ஆமா."

எங்கள் பக்கம் இதை யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். குரைத்துக் குரைத்து ஒன்றுமே விழாவிட்டால் இளநாய்க்கு மனசு விட்டுப்போகும். விட்டுப்போனால் அவ்வளவுதான், அப்புறம் அது கணப்படுப்பின் முன்னால் படுத்துத் தூங்கத்தான் லாயக்கு. எட்டாவது அணில் தப்பியபோது நிப்பி குரைப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினோராவது அணிலுக்கு இரண்டே இரண்டு தடவை குரைத்தாள். பிறகு உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டாள். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, சத்தியமாக.

தப்பு துப்பாக்கி மேல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் பர்லியின் கடைக்குப் போனேன். பர்லி என் மனைவி ஓர்லீனின் அண்ணன். முன்பக்கம் ஆணி, பெயிண்ட், கோழித்தீவனம். பின்பக்கம் துப்பாக்கியும் தோட்டாவும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாய் மட்டும் ஒன்று, அது ஓயவே ஓயாது.

"வா மாப்ள! அணிலெல்லாம் எப்படி இருக்கு? குடும்பம் குட்டியோட சௌக்கியமா?"

"நக்கலை அப்புறம் வச்சுக்க மச்சான். இந்த ரைஃபிள் கோணிப்போச்சு, பாரு."

பர்லி வாங்கிப் பார்த்தான். குழல் அளவு வழக்கமான இருபத்திரண்டு, அணில் வேட்டைக்கு எல்லாரும் எடுப்பது. கடைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை உண்டு. கொட்டகையின் அந்தக் கோடியில் மண்மேடு, மேட்டில் காகித இலக்கு. பர்லி மேஜை மேல் மணல்பை வைத்து ஐந்து தோட்டாக்கள் சுட்டான். ஐந்தும் ஒரு காசுக்குள் அடங்கின. என்னைச் சுடச் சொன்னான். நானும் சுட்டேன். என்னுடையதும் கிட்டத்தட்ட அதே காசுக்குள்தான்.

"துப்பாக்கியில ஒரு கோணலும் இல்லையே மாப்ள."

"அப்ப தோட்டாதான்."

வியாபாரி வேறு என்ன சொல்வான்? "அது இருக்கலாம்," என்றான் உடனே. "ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு வாய்ருசி இருக்கு. ஒண்ணுக்குப் புடிச்சது இன்னொண்ணுக்கு ஆவாது." மேஜையில் ஐந்து வகைப் பெட்டிகளைப் பரப்பினான். மெதுவாகப் போவது, வேகமாகப் போவது, முனை உருண்டது, முனை குழிந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மத்தியானம் வரை சுட்டுப் பார்த்தோம். இரண்டுக்கு ரைஃபிள் முகத்தைச் சுளித்தது, மூன்றை நன்றாகவே ருசித்தது. எதுவும் காகிதத்தைத் தாண்டிப் போகவில்லை.

"காகிதத்துல விழுது, மரத்துல விழல," என்று பர்லி தாடையைத் தடவினான். "மரம்னா உசரம், காத்து, கிளை. சாதா இருபத்திரண்டுக்கு அங்க போறப்ப மூச்சு வாங்குது. மேக்னம் எடுத்துக்க மாப்ள. அதே இருபத்திரண்டுதான், ஆனா உள்ள மருந்து அதிகம். நீ கொஞ்சம் முன்னப்பின்ன புடிச்சாலும் அது பார்த்துக்கும்."

"நான் முன்னப்பின்ன புடிக்கிறவனாடா?"

"சேச்சே, பொதுவாச் சொன்னேன்."

மேக்னம் ரைஃபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் நிப்பி நான்கு அணில்களை மரத்தில் நிறுத்தினாள். மூன்று தப்பின. நான்காவது விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிப்பியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், அவளும் என் காதை நக்கினாள். வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே வந்தேன்.

ஓர்லீன் சமையலறையில் அணிலை வாங்கி, வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பின்தொடை இரண்டும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீடுகளில் அணிலைத் தலையில் சுடுவதுதான் மரியாதை. பின்தொடையும் முதுகும் இல்லாத அணிலை வைத்துக் குழம்பு செய்ய முடியாது.

"யோவ், இதைச் சுட்டியா, இல்ல வெடி வச்சியா?"

"விழுந்துதில்ல? அதைப் பாரு."

"விழுந்தது சரி. மிச்சம் எங்க? அதையும் கொண்டா, ஒட்டவச்சுச் சமைக்கிறேன்."

"அடியே, வாயைக் கட்டுடி."

"நான் கட்டறேன், நீ உன் கண்ணைக் காட்டு. கண் டாக்டர்கிட்ட போ, போன்னு ரெண்டு வருஷமாக் கத்தறேன். வலது கண்ணுல புகை மாதிரி இருக்குன்னு நீதானே சொன்னே?"

"காகிதத்துல காசளவு சுடறேன். கண்ணு தெரியாதவன் சுடுவானா?"

அன்றைக்குச் சாப்பாடு அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும்தான்.

புதன்கிழமை காலையில் மிஸ் ஜெட்டியிடமிருந்து போன் வந்தது.

"எஸ்டில், பதினாலு அணில் தப்பிச்சுதாமே?"

நேற்றைய மூன்றும் சேர்ந்து கணக்கு சரியாக இருந்தது. ஓர்லீன் அண்ணனிடம் சொல்லியிருப்பாள். பர்லியின் வாய் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"இல்லீங்க மிஸ் ஜெட்டி, அது வந்து, தோட்டா கொஞ்சம்..."

"தோட்டாவை விடு. என் பொண்ணு எப்படிக் குரைக்கிறா?"

பொய் சொல்ல நினைத்தேன். நாய் விஷயத்தில் அந்த அம்மாவிடம் யாரும் பொய் சொல்லித் தப்பித்ததில்லை. "கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்க," என்றேன்.

"சனிக்கிழமை காலையில வரேன். ஒரே ஒரு மரம். அவ நிறுத்தணும், நீ கீழ கொண்டாரணும். இல்லேன்னா அவ என் வண்டியில ஏறிருவா."

போனை வைத்தபோது நிப்பி என் காலடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். என்னோடு ஒரே கட்டிலில் ஒரு வருஷம் தூங்கியவள். பிள்ளைகள் லெக்சிங்டனுக்கும் ஒஹையோவுக்கும் போன பிறகு, சுரங்க வேலையும் நின்ற பிறகு, காலையில் எழுந்திருக்க எனக்கு இருந்த ஒரே காரணம் அவள்தான். ஓர்லீன் கோபித்துக்கொள்வாள், ஆனால் அவளுக்கும் இது தெரியும். நிப்பி போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் பர்லியின் கடையில் நின்றேன்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு இருக்காடா இங்க? இருந்தா நானே வாங்கிப் பூட்டறேன்."

"அவங்களே கேட்டாங்க மாப்ள. கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? சரி சரி, முறைக்காத. உனக்காக ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

ஏதோ தெய்வத்தை வெளியே எடுப்பவன் போல அலமாரியைத் திறந்தான். பதினேழு. இருபத்திரண்டைவிட மெல்லிய குண்டு, ஆனால் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். நூறு தப்படி தாண்டியும் வளையாமல் கோடு கிழித்தது போலப் போகும் என்றான். அதன் மேல் ஒரு பெரிய தொலைநோக்கியும் மாட்டியிருந்தான். கொட்டகையில் உட்கார்ந்து ஐந்து தோட்டாக்கள் சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டை வழியாகப் போயின. பர்லி காகிதத்தைக் கிழித்து எடுத்து முத்தம் கொடுத்தான்.

"இதுலயும் தப்பினா, மாப்ள, அந்த அணிலுக்கு நானே மாலை போடறேன்."

வியாழக்கிழமை காலையில் நிப்பியை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் எங்கள் மேட்டுக்குப் போனேன். சனிக்கிழமைக்கு முன்னால் மரத்தில் ஒன்றையாவது தலையில் சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. பனி விலகி வெயில் வந்திருந்தது. ஓக் மரத்தின் உச்சியில் ஒரு சாம்பல் உருண்டை தெரிந்தது. அணில் சுருண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என்ன கொழுப்பு, என்ன கொழுப்பு! மரத்தில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொலைநோக்கியின் நடுவில் அவனை நிறுத்திச் சுட்டேன்.

முதல் தடவையாக மரத்தில் நேராக அடித்தேன். ஆனால் அது அணில் இல்லை, கதண்டுக் குளவிகளின் கூடு.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆள் ஓடை வரைக்கும் எவ்வளவு நேரத்தில் இறங்க முடியும் என்று எனக்கு இப்போது தெரியும். வீட்டுக்கு வந்தபோது ஒரு காது மூன்று காது கனத்துக்கு வீங்கியிருந்தது. ஓர்லீன் சமையல் சோடாவைக் குழைத்துக் கழுத்தில் பூசினாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"கதண்டுக் கூட்டுக்கு வால் இருந்துச்சாய்யா?"

"தொலைநோக்கி சரியில்ல," என்றேன்.

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "வெளிய வா," என்றாள்.

கொல்லைப்பக்கம் துணி காயப்போடும் மேட்டில் ஏறி நின்றுகொண்டாள். நான் கீழே. அவளுக்குப் பின்னால் வெறும் வானம், வெளுத்துப் பளபளவென்று.

"இடது கண்ணைப் பொத்திக்கோ. எத்தனை விரல் காட்டறேன்?"

பார்த்தேன். வெளிச்சம் பால் மாதிரி பரவியிருந்தது. அதற்குள் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"மூணு."

"யோவ், இது கரண்டி."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். கரண்டிதான். மரக்கரண்டி, நடுவில் விரிசல் விட்டது, விரிசல்கூடத் தெரிந்தது. கொட்டகை நிழலில் காகிதத்தைப் பார்க்கும்போது வராத வெளிச்சம், தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தவுடன் என் வலது கண்ணை மூடிவிடுகிறது. வேட்டைக்காரன் பார்ப்பதெல்லாம் வானத்தைத்தானே. மூன்று துப்பாக்கி, ஏழு வகைத் தோட்டா, பதினான்கு அணில். எல்லாவற்றையும் திட்டித் தீர்த்திருந்தேன், என் கண்ணை மட்டும் விட்டுவிட்டு.

ஓர்லீன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "பயமா?" என்றாள் மெதுவாக.

"எங்கப்பா புரைக்குக் கண்ணை அறுத்துட்டுக் கறுப்புத் துணியோட வந்தாரே. அந்தக் கண்ணு அப்புறம் திறக்கவே இல்ல."

"அது நாப்பது வருஷக் கதைய்யா. இப்பல்லாம் காலையில போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடறாங்க."

"சனிக்கிழமை முடியட்டும்," என்றேன். "யார்கிட்டயும் சொல்லாத. உங்கண்ணன்கிட்ட சொல்லவே சொல்லாத."

வெள்ளிக்கிழமை முழுக்க இடது தோளில் வைத்துச் சுட்டுப் பழகினேன். நாற்பது வருஷம் வலது தோளில் வைத்தவன் ஒரு நாளில் மாற முடியுமா? கன்னம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விரல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இலக்கை விட்டு எங்கள் கொல்லைக் கொட்டகைச் சுவரைத்தான் சுட்டேன். கடைசியில், தொலைநோக்கி வைத்த பதினேழையே எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் முதல் மரத்தை முடித்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன்.

சனிக்கிழமை மிஸ் ஜெட்டி வந்து சேரவே ஒன்பது மணி ஆகிவிட்டது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. கைத்தடியும் காபி பிளாஸ்க்குமாக வண்டியை விட்டு இறங்கினார். நிப்பி ஓடிப்போய் அவர் மேல் தாவி அழுதாள். அவர் என்னையும் பார்க்கவில்லை, என் காதையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ரைஃபிளைப் பார்த்தார்.

"என்னது, பதினேழா?"

"ஆமாங்க. நேராப் போகும்."

"போகும், சாட்டையடி மாதிரி சத்தமும் போடும். இளநாய் காதுகிட்ட அதை வெடிச்சா துப்பாக்கியைக் கண்டாலே ஓடும். என் நாய்ங்க கூடன்னா சாதா இருபத்திரண்டுதான். அதுலயும் மெதுவாப் போறது. உள்ள வச்சுட்டு வா."

அவ்வளவுதான். எந்தத் தோட்டா என்று ஒரு வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டதை அந்த அம்மா அரை நிமிஷத்தில், நாயின் காதை வைத்து முடிவு செய்துவிட்டார். உள்ளே போய் இருபத்திரண்டை எடுத்தேன். மெதுவாகப் போகும் தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது ஓர்லீன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்கடி?"

"கொடி ஆட்ட ஆள் வேணாமா?"

அதில் நியாயம் இருந்தது. அணில் எப்போதும் நமக்கு மறுபக்கம் போய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொருவர் அந்தப் பக்கம் போய் மரத்தில் படர்ந்த கொடியைப் பிடித்து ஆட்டினால்தான் நம் பக்கம் சுற்றி வரும். மிஸ் ஜெட்டிக்குச் சரிவில் ஏறி இறங்க முடியாது. மூவரும் நடந்தோம்.

நிப்பி அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். பத்தே நிமிஷத்தில் ஒரு பெரிய ஹிக்கரி மரத்தைப் பிடித்தாள். பழைய குரல், விடாத குரல், போன வாரங்களின் சோர்வே இல்லை. மிஸ் ஜெட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. ஓர்லீன் சரிவில் ஏறிப் பின்பக்கம் போய்க் காட்டுத் திராட்சைக் கொடியைப் பிடித்து உலுக்கினாள்.

"வருது!" என்று கத்தினாள். "உன் பக்கம் வந்துட்டுது. ரெண்டாவது கவட்டை!"

ரைஃபிளைத் தோளில் வைத்துத் தலையை உயர்த்தினேன். வானம் பாலாகக் கொட்டியது. பாலுக்குள் கறுப்பாகக் கிளைகள். கவட்டையில் ஒரு சாம்பல் திட்டு. அணிலாக இருக்கலாம். மரமுடிச்சாக இருக்கலாம். அணிலே என்றாலும் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உத்தேசமாகச் சுட்டால் விழுந்தாலும் விழும். காயத்தோடு உயிரோடும் விழலாம், நிப்பியின் மூக்கைக் கடிக்கலாம். விரல் விசையில் இருந்தது. கீழே நிப்பி குரைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரைஃபிளை இறக்கினேன். தோட்டாவை வெளியே எடுத்தேன்.

"எனக்குத் தெரியலைங்க மிஸ் ஜெட்டி," என்றேன். "கண்ணு போச்சு. இந்தப் பதினாலும் தோட்டா மேல தப்பில்ல, துப்பாக்கி மேலயும் தப்பில்ல. தெரியாததைச் சுட மாட்டேன். நாயைக் கூட்டிட்டுப் போங்க."

வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது. மிஸ் ஜெட்டி சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு நிப்பியிடம் போனார். நிப்பி வரவில்லை. அடிமரத்தை விடவே மாட்டேன் என்றாள். கயிற்றை மாட்டி இழுத்தும் நகரவில்லை, குரல் இன்னும் ஏறியது.

"இப்படி இழுத்துட்டுப் போனா இவ கெட்டுப்போவா," என்றார் மிஸ் ஜெட்டி. "இதை யாராவது இறக்கித்தான் ஆகணும். என் கை நடுங்குது, என்னால ஆகாது."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சரிவைப் பார்த்தோம். ஓர்லீன் கொடியை விட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். துப்பாக்கிக் கடைக்காரரின் மகள், துப்பாக்கிக் கடைக்காரனின் தங்கை. கல்யாணமான பிறகு ஒரு நாள்கூட ரைஃபிளைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி நானும் கேட்டதில்லை. வேட்டை என் வேலை, குழம்பு அவள் வேலை என்று முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"குடுய்யா," என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். தோட்டாவைப் போட்டாள். தோளில் வைத்த அழகைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, இவள் எதையும் மறக்கவில்லை என்று. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

"அவசரப்படாத. காதுக்குக் கீழ புடி. மூச்சை விட்டுட்டு..."

"சும்மா இருக்கியா கொஞ்சம்?"

டப் என்று ஒரு சின்னச் சத்தம். அணில் இலைக்குவியலில் வந்து விழுந்தது. நிப்பி பாய்ந்து கவ்வி இரண்டு உலுக்கு உலுக்கினாள். தலையை உயர்த்திக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் ஓர்லீனின் ரப்பர் பூட்ஸ் மேல் போட்டாள். வாலாட்டல் வேறு. எனக்குக் காதில் புகை வந்தது.

மிஸ் ஜெட்டி அணிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காதுக்குக் கீழே ஒரே ஓட்டை. கறி ஒரு துளி சேதமில்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து நிப்பியின் அட்டையை எடுத்தார். குட்டிகளுக்கு அவர் தன் கையால் எழுதிவைத்திருக்கும் அட்டை அது. 'எஸ்டில் காடில்' என்றிருந்ததை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்.

"நிபந்தனைன்னா நிபந்தனைதான். உன்கிட்ட நாய் இருக்க முடியாது எஸ்டில்," என்றார். அட்டையையும் கயிற்றையும் ஓர்லீனின் கையில் வைத்தார். "இந்தா கண்ணு, இனிமே உன் நாய். உனக்குத் துணைக்கு யாரை வேணாலும் கூட்டிக்க."

நாய் போகவில்லை! அதே வீடு, அதே கட்டில். சந்தோஷத்தில் நிப்பியைத் தூக்கக் குனிந்தேன். ஓர்லீன் கயிற்றைச் சுருக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஓய், கேட்டுட்டுத் தொடு. யார் நாய் இது?"

"என்னடி விளையாடறியா?"

"கண் டாக்டர்கிட்ட போயிட்டு வா. ஆபரேஷன் பண்ணிக்கோ. அந்தச் சீட்டைக் காட்டு. அப்புறம் என் நாயோட காட்டுக்குப் போறதைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் நீ கொடி ஆட்டு."

மிஸ் ஜெட்டி சிரித்த சிரிப்பில் பிளாஸ்க் மூடி கீழே விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி அணில் குழம்பு பிரமாதமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். நிப்பி ஓர்லீன் பக்கம் படுத்தாள். நான் கட்டிலின் ஓரத்தில் முழித்துக்கொண்டு கிடந்தேன். அப்பாவின் கறுப்புத் துணி கண்ணுக்குள் வந்தது. பயந்தேன், உண்மையாகவே பயந்தேன். ஆனால் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் நாயோடு மிச்ச வாழ்நாளைக் கழிப்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் நான்தான் முதல் ஆள். பின்னால் நாற்காலியில் ஓர்லீன் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஒரு சின்னப் பெண் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார், என்ன தொந்தரவு?"

"என் நாய் என் பொண்டாட்டி நாயாயிடுச்சும்மா," என்றேன். "அதைத் திருப்பி வாங்கணும்."

அந்தப் பெண்ணின் பேனா அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஓர்லீனின் குரல் வந்தது.

"வலது கண்ணுன்னு எழுதிக்கம்மா."